வடிகட்டி தீர நாலு நிமிடம்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
சரக்கு வண்டி மெதுவாகப் போகட்டும்.
மாடியறையில் நான் வேறொரு நகரத்துச்
சுரங்கத்தில் துப்பாக்கியோடு நிற்கிறேன்.

மழையை நன்றாகச் செய்திருக்கிறார்கள்.
தகரத்தில் ஒரு சத்தம், தோளில் வேறு சத்தம்.
ஒரு சமையலறை.
மேசையில் மூன்று தட்டு, காய்ந்த ரொட்டி.
நாலாவது மட்டும் கழுவிக் கவிழ்த்தபடி.
யாரும் எதையும் விளக்கவில்லை.
பத்து நிமிடம் அங்கேயே நின்றேன்.

அப்புறம் கதவை உடைத்துக்கொண்டு பன்னிரண்டு பேர்.
பன்னிரண்டு பேருக்கும் ஒரே முகம், ஒரே கெட்டவார்த்தை.
ஒருத்தன் விழுந்த இடத்துக்கே
அடுத்தவனும் வந்து நின்று சாகிறான்.
மகிமைராஜ் சிரிக்கிறான்:
"இவனுங்கள காசிமேட்டுக்கு அனுப்புனா
ஐஸ்பெட்டியத்தான் வாங்கினு வருவானுங்க."

தெருவில் நாற்பது கதவு,
முப்பத்தெட்டு வெறும் பெயின்ட்.
தூரத்தில் கடல் தெரிகிறது.
நடந்து போனால்
காற்றே சுவராகி நெற்றியில் இடிக்கிறது.

ஆனாலும் அந்த மூச்சு.
முகமூடிக்குள் என்னுடையதைப் போலவே ஒரு மூச்சு
கண்ணாடியில் ஆவியாகப் படிய,
வடிகட்டி தீர நாலு நிமிடம் என்று
கைக்கடிகாரம் சிவப்பாய்த் துடிக்கும்போது

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பியது.
அழுகின முட்டை வாடை.
மகிமைராஜ் பேசாமல் எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.
கீழ்வீட்டில், எதிர்வீட்டில், அதற்கும் அப்பால்
ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம்.

நிறுத்தும் பட்டனை அழுத்தினேன்.
திரையில் புகை அப்படியே நின்றது.

"கடைசி கட்டம் சொதப்பல்னு சொல்றாங்களே?"
"இருக்கும்."
"அப்புறம் ஏன்டா ஆடுற?"

"இன்னும் ரெண்டு ஃபில்டர் இருக்கு."