ஆதாரம்

மூன்றாம் எண் ஜன்னலின் பலகைமேல்
குளியல் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றை
ணங்கென்று வைக்கிறாள்.
அவிழ்த்தால், ஆல்டர்னேட்டர்.
கரியும் எண்ணெயும் பூசி,
அறுந்த வயர் ஒன்று வால்போலத் தொங்க.

“ஆதாரம் கேட்டிருந்தீங்க.”

யாரெலி ஓச்சோவா. செவிலியர் படிப்பு, இரண்டாம் ஆண்டு.
யாக்கிமாவில் பிப்ரவரி; வாசல் மிதியடியில்
யார் யாருடைய பனியோ உருகிக்கொண்டிருக்கிறது.
போன வாரம் நான்தான் கடிதம் அனுப்பினேன்:
அவசர உதவித்தொகை கோரும் தங்கள் மனு
ஆதாரம் இணைக்கப்படாததால் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.
வாக்கியம் என்னுடையதல்ல.
கையெழுத்து என்னுடையது.

பட்டறையில் பழுது பார்த்திருந்தால் ரசீது இருக்கும்.
பட்டறைக்குப் போகப் பணமிருந்தால்
என் ஜன்னலுக்கு வந்திருக்க மாட்டாள்.
பார்த்தது பெட்டோ, சித்தி மகன்,
பனியில் அட்டை விரித்து மல்லாந்து
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி.
மாற்று உறுப்பு உடைசல் வண்டிக் கிடங்கில்,
எழுபது டாலர், ரொக்கம்,
வாடகைக்கென்று ஒதுக்கிய உறையிலிருந்து.

படிவத்தின் ஆறாம் கேள்வி:
நேர்ந்தது எதிர்பாராததா?
இரண்டு லட்சம் மைல் ஓடிய கார்
டாப்பனிஷ் தாண்டி இருட்டில் நின்றுபோவது
எதிர்பாராததா?
ஆப்பிள் பெட்டி கட்டும் கிடங்கில்
அம்மாவின் வேலை
வாரம் இரண்டு நாளாகச் சுருங்குவது?
பிப்ரவரி வருஷா வருஷம்தான் வருகிறது.
‘ஆம்’ என்பதை வட்டமிட்டிருந்தாள்.
யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.
(நான்தான். தொலைபேசியில். குரலைத் தாழ்த்தி.)

“மூணு தடவை ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு வரலைன்னா
பேரை அடிச்சிடுவாங்க. எனக்கு ரெண்டு ஆச்சு.”
பிறகு, நான் கேட்காமலே
அந்த இரும்பின் விலாவில் விரல் வைத்து:
“பேட்டரிதான் இதயம்னு எல்லாரும் நினைக்கிறாங்க.
இது எலும்பு மஜ்ஜை மாதிரி.
ஓட ஓடத்தான் ஊறும்.
நின்னா ஊறாது.”

விதிப் புத்தகம் பதினான்கு பக்கம்.
அவளை நிற்க வைத்துவிட்டு முழுக்கப் படித்தேன்.
‘ஆவணம்’ என்றிருக்கிறது.
அது காகிதமாக இருக்க வேண்டுமென்று
எங்கும் இல்லை.

தூக்கினேன். மூன்று மாதக் குழந்தையின் கனம்.
ஸ்கேனர் கண்ணாடியில் கிடத்தினேன்.
மூடி மூடவில்லை; துண்டைப் போர்த்தினேன்.
பச்சை ஒளி அடியில் ஊர்ந்துபோனது.
திரையில் வந்தது
கிரகணம் பிடித்த சூரியன்போல் ஒரு வட்டம்,
ஓரத்தில், படிக்கும்படியாக, வரிசை எண்.
ஆவண வகை? என்றது கணினி.
வாடகை ஒப்பந்தம், மருத்துவச் சீட்டு, மின்கட்டண ரசீது.
‘இதர’வை அழுத்தினேன்.

“திருப்பித் தந்திடுவீங்கல்ல?
பழைய இரும்புக்காரர் எட்டு டாலர் தரேன்னாரு,
நாலு மணிக்குப் பூட்டிடுவாரு.”

மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டே கேட்டாள்,
மாடியில் இலவச உணவு அலமாரி
திறந்திருக்கிறதா என்று.
புதன் மட்டும். இன்று செவ்வாய்.
என் இழுப்பறையில் வேர்க்கடலை பிஸ்கட், இரண்டு பாக்கெட்.
வைத்திருக்கக் கூடாது, வைத்திருக்கிறேன்.
ஒன்றை எடுத்தாள்.
இன்னொன்றைப் பார்த்தாள்.
எடுக்கவில்லை.

குழு வியாழக்கிழமை கூடும்.
ஐவரில் இருவர் சிரிப்பார்கள்.
இதை முன்னுதாரணமாக்கிவிடாதீர்கள் என்பார் ஒருவர்.
மற்ற இருவரைப் பற்றி
ஒன்பது வருஷமாகியும் எனக்குத் தெரியாது.

கண்ணாடியை இரண்டு முறை துடைத்தேன்.
ஆனாலும் அன்று மாலை வரை நகலெடுத்த
ஒவ்வொரு தாளிலும்,
கோல்ட்டனின் அப்பா கட்டிய வரிக் கணக்கில்,
ஷனெல்லின் வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் நோட்டீசில்,
கொண்டுவந்தவன் ஒரு வார்த்தையும் பேசாத
மரணச் சான்றிதழில்,
அதே இடத்தில் ஒரு கறுப்புக் கீற்று.

என்ன மை இது, என்றார் மேலாளர் க்ளென்.
மை இல்லை, என்றேன்.