திரும்பும் இடம்

டிக்கெட் கூண்டிலிருந்து மூன்றாவது கற்பூர மரம் வரை.
அங்கே திரும்பணும். ஒன்பது வருஷமாக
ஊட்டி ஏரிக்கரையில் அதற்கு உலகம் அவ்வளவுதான்,
சவாரிக்கு நூற்றைம்பது, போட்டோ தனி.

முன்னங்கால் வீங்கிய ஆடி மழையில்
மார்க்கெட் பின்னால் அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.
கோஸ் இலையென்று பாலிதீன் மென்றுகொண்டிருந்தது.
கழுத்தில் இன்னும் ஜிகினா மாலை.

காந்தல் கொட்டகையில் ஐந்து மாதம்.
பெனிட்டா டாக்டர் குளம்பு சீவினார்,
சேணம் தின்ற முதுகுக்கு மஞ்சள் களிம்பு.
விலா எலும்பு ஒவ்வொன்றாக உள்ளே போனது.
போகாதது ஒன்று:
எங்கே நடத்தினாலும் முந்நூறு அடியில்
தானாகத் திரும்பிவிடும்.
அதட்டிப் பார்த்தேன். சொல்ல வெட்கம், அடித்தும்.

தத்தெடுக்க வந்தவர்கள் கேட்டார்கள்:
குழந்தைகளை ஏற்றலாமா, வண்டி இழுக்குமா,
இன்னும் கொஞ்சம் வெள்ளையாகக் கிடைக்குமா.

கேத்தி போஜன் மட்டும்
'எதற்காக' என்ற கட்டத்தில்
சும்மா என்று எழுதினார்.
பிறகு அதைக் கோடு கிழித்துவிட்டு
எருவுக்கு என்றார்.

லாரியைக் கண்டதும் காது மடங்கியது. ஏறாது.
நடந்தே போயிடறோம் என்றார்,
சட்டைப் பை இரண்டிலும் காரட்.

வாசலில் நின்று பார்த்தேன்.
முந்நூறு அடி. திரும்பியது.
அவரும் கூடவே திரும்பி
என் வரைக்கும் வந்து, ஒன்றும் சொல்லாமல்
மறுபடி கூட்டிப்போனார்.
நாலாவது தடவை பனி மறைத்துவிட்டது.

ராத்திரி ஒன்பதரைக்குப் போன்:
"வந்துட்டோம்."
எத்தனை தடவை திரும்பியது என்றேன்.
"எண்ணலைங்க. லவ்டேல்லயே காரட் தீந்துபோச்சு."