அட்டை எண் நான்கு

கச்சேரி வாசலில் என் மேசை.
ஒரு கால் குட்டை. அடியில்
பழைய வாக்காளர் இடாப்பு மடிந்து கிடக்கிறது.
மனு எழுதுவேன், மொழிபெயர்ப்பேன்,
பக்கத்துக்கு இருநூறு.

மாசியில் தபாலில் வந்தன ஐந்து அட்டைகளின் நகல்கள்.
சண்டைக் காலத்தில் நம் கடலைக் காவல் காத்த
பறக்கும் படகுகளின் உடற்கூடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை.
எவரோ ஒரு விமானியின் மகன் கேட்கிறார்,
தமிழில் வேண்டும், வாவிக்கரை ஆட்களிடம் காட்ட.

உடற்கூடு. இந்தச் சொல்லுக்கே அரைநாள் போனது.
சட்டகம் என்றால் படத்துக்குப் போடுவது.
எலும்புக்கூடு என்று எழுதி
உடனே வெட்டினேன்.
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது.

ஒன்று, சீனன்குடாவில் இறங்கும்போது அடிவயிறு கிழிந்தது.
இயந்திரம் இரண்டையும் கழற்றி மூன்றுக்குக் கொடுத்தார்கள்.
இரண்டு கொக்கலையில் கட்டிக் கிடந்தபடியே புயலில் தாழ்ந்தது,
வால் மட்டும் தப்பி, அதுவும் மூன்றுக்கு.
ஆக மூன்று
மூவரின் உடம்போடு பறந்திருக்கிறது
ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு மணித்தியாலம்.
சண்டை முடிந்ததும் ஆழத்துக்கு இழுத்துப்போய்
கோடரியால் துளைத்து விட்டார்கள்.
மிதக்க நேரமெடுத்தது என்று ஓரத்தில் பென்சில் குறிப்பு.
தாழ நேரமெடுத்தது என்றுதான் இருக்க வேண்டும்.
நான் திருத்தவில்லை.

ஐந்து நம்முடையது.
மண்முனைக்குக் கிட்ட வாவிச் சேற்றில் மூக்குக் குத்தி இறங்கியது.
'பழுதுபார்க்கத் தகாது. இருந்த இடத்தில் விற்கப்பட்டது.'
வாங்கியவர் காத்தான்குடி ஆதம்லெப்பை, தொண்ணூறு ரூபா.
அதற்குப் பிறகு அட்டை பேசாது.
நான் விசாரித்தேன்:
வயிற்றுத் தகடு ஏறாவூர் அரிசி ஆலையில் நெல் இறங்கும் சரிவானது.
கண்ணாடிக் கொப்புளத்தில் ஒரு முதலாளி
கொஞ்சக் காலம் மீன் வளர்த்தார்.
இடது இறக்கையில் பாதி
மண்முனைத் துறையில் பாதை ஏறும் படி.

நான்காம் அட்டைதான் ஆகக் குறைந்த எழுத்து.
'ரோந்துக்குப் போனது. ஒன்பது பேர். திரும்பவில்லை.'
ஆறு மாதம் கழித்துக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.
கணக்கு முடிந்தது.

யோகம்மா வந்தபோது மை காயவில்லை.
கொக்கட்டிச்சோலை. பொலித்தீன் பைக்குள் கோப்பு,
இது பதினான்காவது மனு.
படிவத்தின் ஏழாம் கேள்வியைக் கேட்டேன்,
கடைசியாகக் கண்ட இடம்?
எத்தனை தரம் எழுதியிருக்கிறேன் துறையடி என்று,
இன்று அவள் இன்னும் கொஞ்சம் சொன்னாள்:

"அந்த அலுமினியப் படியிலதான் நிப்பாட்டி வச்சவங்க.
செருப்பில்ல. ஆனி வெயில்.
சூடு தாங்காம காலை மாத்தி மாத்தி வச்சவர்.
ஆணி ஆணியாக் கிடக்கும், அந்தப் படி.
நான் பாதைக்குள்ள நிண்டனான். பாதை வெளிக்கிட்டுட்டு."

நான் ஐந்தாம் அட்டையை எடுத்தேன்.
வைத்தேன்.

என்ன எழுதிக் கிடக்கு என்றாள்.
நான்காவதை வாசித்தேன், தெரியாத்தனமாக.
ஒன்பது பேரா என்றாள்.
பிறகு, கோட்டைத் தொட்டு,
"இத ஆரு கா கீறினது? வீட்டாக்களைக் கேட்டவங்களா?"

மரணச் சான்றிதழ் எடுத்தால் காசு உண்டு என்று
உள்ளே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
அவள் கையெழுத்து வைக்கும் இடம் தேடி வைத்தாள், மனுவில்.
விலாசம் மாறவில்லை என்று எழுதச் சொன்னாள்.
எழுதினேன்.

பின்னேரம் நான்காம் அட்டையைப் படியெடுத்தேன்.
கோட்டுக்குத் தமிழ் கிடையாது;
அடிமட்டம் வைத்துச் சிவப்பில் இழுத்தேன்.
அடிமட்டம் வழுக்கி நடுவில் விரலளவு இடைவெளி.
வேறு தாள் இருந்தது.
எடுக்கவில்லை.

ஐந்தாம் அட்டையின் அடியில், கேட்கப்படாத ஒரு வரி:
'இடது இறக்கை, மண்முனைத் துறை. பார்த்த சாட்சி உண்டு.'
அந்த வரிக்குக் காசு போடவில்லை.