மடிப்பூட்டு

தம்பி ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய வண்டி.
பெட்டி திறக்கும்போதே புதுக் கார் வாசம்.
கோப்பி வைக்க ஒரு குழி,
மழைக்கு ஒரு கூடாரம்,
பிள்ளைக்கும் எங்கோ நடுவில் ஓர் இடம்.
கிண்ணியா பஸ்ஸின் படியில் அது
ஏறவில்லை.
"அக்கா, வீட்டை இறக்கிப்போட்டு வாங்கோ" என்றான் கொண்டக்டர்.
பஸ் சிரித்தது. வினுஜாவும் சிரித்தாள்.
எட்டு மாதம்,
யார் பக்கம் நிற்பது என்று தெரியாத வயது.

அன்றிரவு ஓர் அலுவலக வரைதாளின் பின்புறம்
(முன்புறத்தில் உப்புவெளித் தண்ணீர்க் குழாய்கள்)
பெருக்கல் குறி ஒன்று போட்டேன்.
இரண்டு தண்டு, நடுவில் ஒரு றிவெற்.
விரித்தால் இருக்கை,
சேர்த்தால் குடை.
இவ்வளவுதானே என்று படுத்துவிட்டேன்.

அநுராதபுரச் சந்தியில் ஃபலீலின் பட்டறை.
முக்கால் அங்குல அலுமினியம்.
படகுக்காரரிடம் மிஞ்சிய துருவேறா ஆணிகள்,
ஏனென்றால் இந்த ஊர்க் காற்று இரும்பை
பிள்ளை பிஸ்கட் தின்பதுபோல் தின்னும்,
ஓரத்திலிருந்து, நனைத்து நனைத்து.
சில்லு, பிடி முறிந்த பயணப்பெட்டி தந்தது.
துணி, நிலாவெளி விடுதியொன்று கழித்த படங்கு.
பஸ் கதவை ஏற்கெனவே அளந்திருந்தேன்
சனம் இறங்கும் நேரம், கையால்:
மூன்று சாண், நாலு விரல்.

பிள்ளையை வைத்துப் பார்க்க மனம் வரவில்லை.
எட்டரைக் கிலோ கோதுமை மா,
அவளுடைய தொப்பி போட்டு
இடுப்புவார் கட்டி
கடற்கரை வீதியில் தள்ளினோம்.
"வடிவாத்தான் இருக்கா, மூக்குத்தான் இல்லை" என்றான் ஃபலீல்.
கான் மூடியில் முன்சில்லு தட்டியது.
வண்டி
கைகூப்பிற்று.
அவ்வளவு பணிவாக, சத்தமே இல்லாமல்.
பை கிழிந்து வீதியெல்லாம் மா.
கோட்டைப் பக்கமிருந்து மான்கள் மூன்று வந்து
தாரை நக்கின.
ஒன்று தொப்பியைக் கவ்விப் போனது.
ஃபலீல் சிரிக்கவில்லை.
நான் மதகுக் கட்டில் இருந்துவிட்டேன்.

மடி என்றால்
பிள்ளை கிடக்கும் இடம்.
மடி என்றால்
சேலைக்குச் செய்வது.
மடிந்தோர் என்று போட்டு
பத்திரிகைகள் எண்ணிக்கை எழுதிய காலத்தில்
எழுத்துக்கூட்டப் பழகியவள் நான்.
ஒரே சொல்தான். உள்ளே
ஒரு பூட்டும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இருந்தால் விரிகிறது, எழும்பினால் காணாமல் போகிறது.
மதகில் இருந்தபடி பார்த்துக்கொண்டேயிருந்தேன்
பாவாடையில் மா அப்பிய என் மடியை.
பிள்ளை அதில் கிடக்கும்போது
அது ஏன் மடிவதில்லை?
தாய்ப்பாசம், தியாகம் எல்லாம் இருக்கட்டும்.
அவள் நித்திரையானால் என்னால் எழும்ப முடியாது.
பாரம்தான் பூட்டு.

"ஃபலீல், வெண்கட்டி இருக்கா?"
தாரிலேயே வரைந்தேன். மா கிடந்தது, விரலே போதும்.
முழங்கால் போல் ஒரு மூட்டு.
நேர்கோட்டில் நிற்காது, அதைத் தாண்டி
அரை விரல் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும்.
மேலே எவ்வளவு கனமோ
அவ்வளவு இறுகும்.
பிள்ளையைத் தூக்கிய பிறகு
பெருவிரலால் ஒரு தட்டு, அப்போதுதான் இளகும்.
அவன் கன நேரம் குந்தியிருந்து பார்த்தான்.
ஒரு மான் வந்து
வரைபடத்தின் கீழ்ப்பகுதியை நக்கத் தொடங்கியது.

ஏழாவது மாவுப்பை கிழியவில்லை.
எட்டாவதாக வினுஜா.

இப்போது ஒரு கையில் அவள்,
மறு கையில் வண்டி, குடை மாதிரி.
கொண்டக்டர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை,
"உள்ளே போங்கோ, உள்ளே போங்கோ."
அந்த அலட்சியத்துக்கு எனக்குப்
பரிசே தந்திருக்கலாம்.

குறை இல்லாமலில்லை.
இடப்பக்கம் இழுக்கிறது.
வேகமாக மடித்தால் இன்னமும்
எந்தக் குழாயின் வாயிலிருந்தோ
ஒரு சிட்டிகை மா
என் செருப்பில் விழுகிறது.