ஒரு புள்ளிக்கான விண்ணப்பம்

முதல் வரைபடம் திரும்பி வந்தது.
தமிழ் பெரிதாக இருக்கிறதாம்.
மலாய் எழுத்து மேலே, பெரிதாய்;
மற்றதெல்லாம் கீழே, சிறிதாய்.
விதி அது, விதியோடு யாருக்குச் சண்டை?
கொம்தார் லிஃப்டில் நின்றபடி
ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன்:
எங்களுக்கு அரை அங்குலம்
அடக்கம் போதவில்லை.

ஜெலுத்தோங்கில் சியூ
கணினியில் ஒரு மூலையைப் பிடித்து
எழுத்தை இழுத்துச் சுருக்கினார்.
நாற்பது வருடமாய்ப் பலகை செய்கிறவர்.
தமிழைப் படிக்கத் தெரியாது; வரைவார்,
பூரானை வரைவதுபோல்
காலெண்ணிக் காலெண்ணி.

சாப் விழுந்தது. வெள்ளி கட்டினேன்.
மலாய்ச் சொற்களில் பிழை ஏதுமில்லை என்று
டேவான் பஹாசா கடிதமும் கொடுத்தது.
பலகை ஏறிய காலையில்
டாக்டர் கனகரூபி எதிர்ச்சாரியில் நின்று
படமெடுத்து அக்காளுக்கு அனுப்பினார்.
ஈப்போவிலிருந்து ஒரே சொல் பதில்:
"பலவா?"

பல் மருத்துவம்
பல மருத்துவம் ஆகியிருந்தது.

"அந்தப் புள்ளியா?" என்றார் சியூ.
"தூசி என்று நினைத்தேன். துடைத்துவிட்டேன்."
அப்போதே ஏணியைத் தூக்கினார்.
நான்தான் தடுத்தேன்.
அங்கீகரித்த படத்தில் இல்லாத எதையும்
பலகையில் சேர்த்தால் அபராதம்;
கடிதத்தின் மூன்றாவது பத்தி.
திறப்பு விழாப் பேனரில்
சாப் பின்பக்கம் இருந்ததென்று
கயிற்றை அறுத்து லாரியில் போட்டுப் போனார்கள்,
வைப்புத்தொகையோடு சேர்த்து.
பட்டவள் நான். மூன்றாவது பத்தியை
நான் இரண்டு முறை படிப்பவள்.

அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.
முதலில் முனிரத்தினம், லாரி ஓட்டுபவர்:
கிளச் மிதிக்கும் முட்டியில் வலி.
பிறகு, சோறு இறங்காத பிள்ளையோடு ஒருத்தி.
பிறகு, கவுண்டர்மேல் குனிந்து
குடியை நிறுத்த மருந்துண்டா என்று
கிசுகிசுத்த ஒருவர்.
மலாய் பெரிதாகத்தான் இருக்கிறது மேலே,
பெர்கிகியான் என்று, குருடனுக்கும் தெரியும்படி.
ஆனாலும் அவர்கள்
கீழே இருந்த சின்ன எழுத்தைத்தான் நம்பினார்கள்.

டாக்டர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.
"முதல்ல வாயைத் திறங்க" என்பார்.
பார்த்து முடித்துவிட்டு,
"இப்போ சொல்லுங்க."
முட்டிக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம்.
குடிக்கு, தெரிந்த ஒருவரின் நம்பர்.
சொத்தைப்பல் மட்டும்
அநேகமாய் எல்லோருக்கும் இருந்தது.

புதுப் போராங், புதுப் படம் மூன்று பிரதி.
மாற்றத்தின் விவரம் என்ற கட்டத்தில்
எழுதினேன்: ஒரு புள்ளி.
புவான் நோர்லைலா கண்ணாடியைக் கழற்றி
இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
"எங்கே வித்தியாசம்?"
காட்டினேன். இது இருந்தால் பல்,
இல்லையென்றால் நிறைய என்றேன்.
சிரித்துவிட்டார்.
"ஜாவியிலும் அப்படித்தான்.
கீழே ஒரு புள்ளி பா,
மேலே ஏற்றினால் நுன்.
சின்ன வயதில் அடி வாங்கியிருக்கிறேன்."
பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு,
கட்டணம் முழுதாகக் கட்ட வேண்டும் என்றார்.
புள்ளிக்கென்று தனிக் கட்டணம் கிடையாதாம்.

ஏழு வாரம்.

சியூ ஏணியில். நான் சாலைக்கு இந்தப் பக்கம்.
அவர் விரல் நுனியில்
கறுப்பு வினைலில் வெட்டிய ஒரு வட்டம்,
மிளகைவிடச் சற்றே பெரிது.
"இங்கேயா?"
"இன்னும் மேலே!"
நடுவில் ராப்பிட் பஸ் ஒன்று நின்று
ஆளிறக்கி நகரும்வரை
புள்ளியும் அவரும் கண்ணில் படவில்லை.
பஸ் போனது.
சரியாக வைத்திருந்தார்,
நான் சொல்லாமலே.

மறுநாள் முனிரத்தினம் வந்தார்,
இந்தமுறை தோள்பட்டை.
வாசலில் நின்று அண்ணாந்து
உதடு அசைய வாசித்தார்.
உள்ளே வரவில்லை.
கதவை அரைவாசி திறந்து
என்னிடம் கேட்டார்:

"இனிமே பல்லு மட்டுந்தானா?"