பத்து ரூபாய்க் குற்றி

வெள்ளவத்தை, ஆறாம் மாடி.
லிப்டுக்குள் நேராக நுழையாது,
மூலைவாட்டாகச் சாய்த்தால் நுழையும்
நாற்பத்தெட்டு அங்குல இறக்கை.
நான்காம் மாடியில் ஏறிய மிஸிஸ் பொன்சேகா
அதனடியில் குனிந்தபடியே
கீழ்வரை வந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

நான் பொய்ப்பல் செய்கிறவள்.
பொரளையில் ஒரு பின்னறை, சாந்துத் தூள்,
அரம், மெழுகுக் கத்தி.
மயிரளவு உயர்ந்தாலும்
"கடிக்கேக்க இடறுது பிள்ளை" என்று
மறுநாளே வந்து நிற்பார்கள்.
அந்த அரத்தால்தான் சேர்வோக் கையை அராவினேன்.
கம்பி ஆடக்கூடாது,
இறுகவும் கூடாது.
பாகைமானி பிடித்துப் பார்த்தேன்:
எய்லரோன் முப்பது பாகை,
சுக்கான் எவ்வளவு போகுமோ அவ்வளவு.
குச்சியின் நடுவில் மென்மை வைத்தேன்,
ஓரத்தில் வெறி.

எடைமையம் மட்டும் மசியவில்லை.
இரண்டு சுட்டுவிரல் நுனியில் இறக்கையைத் தாங்கினால்
மாமனார் வீட்டில் முதல்நாள் மாப்பிள்ளைபோல
தலை கவிழ்கிறது.
பற்றரியைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியும்
அதே பணிவு.
கைப்பையைத் துழாவினேன்.
பத்து ரூபாய்க் குற்றி, பதினொரு மூலை.
வாலில் ஒட்டினேன்.
நிமிர்ந்தது.

ஞாயிறு, காலை ஆறரை, காக்கைத்தீவு.
மட்டக்குளியில் கடற்காற்று இன்னும் எழும்பவில்லை.
ஓட்டோவிலிருந்து இறக்கும்போதே
காகங்கள் கூட்டம் கூடிவிட்டன.
இஷாமின் சட்டைப்பையில்
பொலித்தீன் உறைக்குள் அனுமதிக் கடிதம்.
"வலம்" என்றான்.
வலப்பக்கம் தள்ளினேன்.
இடது எய்லரோன் எழும்பியது.
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
இவ்வளவு அரம், இவ்வளவு பாகைமானி!
ஒரு பொத்தான்.
"இனி வலம்."
வலது எழும்பியது.

நாலு முழ மணலில் கிளம்பிற்று.
இடப்பக்கம் சற்றே இழுத்தது, இரண்டு சொடுக்கில் திருத்தினேன்.
பிறகு புரட்டினேன்.
மல்லாந்து பறக்கையில்
குச்சியை முன்னே தள்ளினால்தான் மேலே போகும்.
என்னை நோக்கி வருகையில்
அதன் இடம் என் வலம்.
கட்டைவிரல்கள் இதைத் தனியே அறிந்திருக்க வேண்டும்,
நான் யோசித்தால் விழும்.

மூக்கை நிமிர்த்தி, விசை கூட்டி
விசிறியில் தொங்கவிட்டேன்.
ஆளுயரத்தில் நின்றது.
நிற்பதென்றால்
விழுவதும் ஏறுவதும் சரிக்குச் சரி.
விளக்குக் கம்பத்துக் காகம் ஒன்று
தலை சாய்த்துப் பார்த்தது.

"கமரா இருக்கா?"

பின்னால் கடற்படைச் சீருடை.
இஷாம் கடிதத்தை நீட்டும் சத்தம்.
வாசித்தான். திரும்பவும் வாசித்தான்.
"கமரா இல்ல?"
"இல்லை."
"பின்ன எதுக்கு?"

அவன் தமிழ் என் சிங்களத்தைவிட நல்லது.
திரும்பிப் பார்க்க முடியாது, கண் அங்கே.
சிங்களத்தில் ஒரு சொல் தேடினேன்,
தமிழிலும் தேடினேன்.
அதற்குள் அது மெல்லச் சுழன்று
வயிற்றை எங்கள் பக்கம் திருப்பியிருந்தது.
இடம் என்று நினைத்து
வலம் கொடுத்துவிட்டேன்.

முதலில் ஓடினவன் அவன்தான்.
இறக்கை தப்பியது. விசிறியில் ஒரு பாதி காணோம்.
சப்பாத்தால் மணலைக் கிளறி,
குனிந்து, போத்தல் மூடிகளுக்கும் ஐஸ் குச்சிகளுக்கும் நடுவில்
தேடிக்கொண்டே இருந்தான்.
"ஐந்நூற்றைம்பது ரூபாய்தான், விடுங்கோ, வேறை இருக்கு."
விடவில்லை.
எடுத்தான். மணலை ஊதினான்.
தரவில்லை.
மேற்பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினான்.
அறிக்கையோடு இணைக்கவா, வீட்டில் காட்டவா,
யாருக்குத் தெரியும்.

"இன்னொருக்கா நிப்பாட்டிக் காட்டுங்க."

புது விசிறியை முடுக்கினேன்.
வாலைத் தடவிப் பார்த்தேன்.
குற்றி இருந்தது.