எட்டுப் பொதிகள்

சாட்ஸ்வொர்த் கிளினிக்கின் பின்பக்கம்,
ஜெனரேட்டர் மேல் குரங்குகள் உட்காரும் இடத்துக்கு எதிரே
என் அறை.
அதிகாரபூர்வக் களஞ்சியம் எங்கோ கடல் தாண்டி இருக்கிறது.
முப்பதாயிரம் பொதிகள், யார் யாரோ கட்டியவை.
நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், குறை சொல்லவில்லை.
பக்கத்தில் என்னுடையவை
எட்டே எட்டு.

ஒவ்வொரு பதிப்பெண்ணுக்கும் வால் ஒட்டிவைப்பேன்:
கூட்டல் குறி, சாட்ஸ், மூன்று.
வால் இல்லாவிட்டால்
எது அவர்களுடையது, எது என்னுடையது என்று
விடிகாலை மூன்று மணிக்கு எனக்கே தெரியாது.

மூன்றாவது பொதி, ரத்தக் குப்பிக்குச் சீட்டு அச்சடிப்பது.
பெயருக்கு இருபது எழுத்து அளந்திருந்தார்கள்.
அவர்கள் ஊரில் போதும்போல.
இங்கே
தனபாக்கியம் குப்புசாமி நாயுடுவும்
தனபாக்கியம் குப்புசாமி படையாச்சியும்
ஒரே செவ்வாய்க்கிழமை ஊசிக்குக் கை நீட்டினார்கள்.
அச்சில் இருவரும் ஒருத்தி.
நர்ஸ் ஹ்லெங்கிவே இரண்டு குப்பிகளையும்
என் மேஜையில் வைத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

இருபதை அறுபதாக்கினேன்.
ஒரே ஒரு வரி.

அந்த வரியைக் காப்பாற்ற ஐந்து வருஷம்.
மேலிருந்து புதுப் பதிப்பு இறங்கும்போதெல்லாம்
அவிழ்த்து, வரியைச் செருகி,
மறுபடி கட்டி, கையொப்பமிட்டு...
ஒருமுறை மறந்தேன்.
மின்வெட்டு முடிந்து எழுந்த சர்வர்
எழுந்த கையோடு
அவர்களுடையதை இழுத்துப் போட்டுக்கொண்டது.
காலையில் வார்டு முழுக்கப் பாதிப் பெயர்கள்.
மீதியை ஹ்லெங்கிவே பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள்.
நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

(என் குடும்பப் பெயரே
கப்பல் குமாஸ்தா ஒருவனின் எழுத்துப்பிழை.
அதற்கு யாரும் பேட்ச் போடவில்லை.)

அந்த வரியை அவர்களுக்கே அனுப்பினேன், நான்கு தடவை.
முதல் பதில்: இவ்வளவு நீளப் பெயர் யாருக்கு இருக்கிறது?
நான்காவதற்குப் பதிலே இல்லை.

நேற்று மாற்றக் குறிப்பைப் படித்துக்கொண்டே வந்தேன்.
பதினோராம் வரி:
பெயருக்கு இனி அறுபது எழுத்து.
என் பெயர் எங்கும் இல்லை. போகட்டும்,
எண் என்னுடையதுதான்.

வாலில்லாத பதிப்பை ஏற்றி
ஒரு சீட்டு அடித்துப் பார்த்தேன்.
படையாச்சி, கடைசி எழுத்துவரை.
மூன்றாவது பொதியை அழித்துவிட்டுக்
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
வெளியே ஒரு குரங்கு
யாருடைய ரொட்டிப் பொட்டலத்தையோ
நிதானமாகப் பிரித்துக்கொண்டிருந்தது.

ஏழு.
கையொப்பச் சாவி
வெள்ளிக்கிழமையோடு காலாவதி.